சிங்கப்பூர் தேசிய நூலகம்: தமிழ் ஆய்வாளர்களும் பார்வையாளர்களும் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சிங்கப்பூர் வருபவர்கள் லிட்டில் இந்தியா வரை வந்து, தேக்கா சந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் தேசிய நூலகம் இருக்கிறது. தென்கிழக்காசியத் தமிழர் அச்சிட்டதும் படித்ததும் விவாதித்ததும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றனவோ, அவற்றில் பெரும்பங்கை அங்கே பார்க்கலாம். ஆய்வு மாணவர்களும் எழுத்தாளர்களும் சுற்றுலா வரும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டவர் உள்ளே போகலாமா? உறுப்பினர் அட்டை வேண்டுமா?

தாராளமாகப் போகலாம். மேற்கோள் நூலகத்தில் (நூல்களை வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே பார்க்கும் பகுதி) உட்கார்ந்து படிக்க அட்டை வேண்டாம், கட்டணம் இல்லை, துறைத் தலைவரின் கடிதமும் தேவையில்லை. ஒரு பழைய நூலைப் பார்க்கச் சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்து பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். மின்தூக்கியில் ஏறுங்கள், அலமாரியிலிருந்து நூலை எடுங்கள், மேசையில் வைத்துப் படியுங்கள்.

வீட்டுக்கு எடுத்துச் செல்லும் இரவல் வசதி தனி. அதற்கு உறுப்பினராக வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை உறுப்பியம் இலவசம். மற்றவர்கள் ஆண்டுக்கட்டணம் செலுத்திச் சேரலாம்.

எங்கே இருக்கிறது? எப்போது திறந்திருக்கும்?

100, விக்டோரியா ஸ்திரீட். புகிஸ், பிராஸ் பாசா ஆகிய இரு எம்ஆர்டி (நகர ரயில்) நிலையங்களிலிருந்தும் சில நிமிட நடை. காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், பொது விடுமுறை நாட்களில் மூடியிருக்கும். தீபாவளியும் சீனப் புத்தாண்டும் இங்கே பொது விடுமுறை. பயணத் தேதியை முடிவு செய்யும் முன் நூலக வாரியத்தின் இணையப் பக்கத்தில் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

16 மாடியும் நூலகம்தானா?

இல்லை. அடித்தளத்தில் இருப்பது மத்திய பொது நூலகம். நாவல், சமையல் நூல், குழந்தைகளின் படக்கதை என இரவல் வாங்கும் நூல்கள் அங்கே. நடுவில் நாடக அரங்கம். 7ஆம் தளத்திலிருந்து 13ஆம் தளம் வரை இருப்பதுதான் லீ கொங் சியன் மேற்கோள் நூலகம். ஆய்வாளருக்கு வேண்டியது இந்தப் பகுதி. இங்குள்ள எதையும் இரவல் எடுக்க முடியாது.

தமிழ் நூல்களுக்கு முதலில் 9ஆம் தளம் போங்கள். சீன, மலாய், தமிழ்த் தொகுப்புகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. சிங்கப்பூரையும் தென்கிழக்காசியாவையும் பற்றிய தொகுப்பு 11ஆம் தளத்தில். இந்தத் தளத்தைத் தமிழ் மாணவர்கள் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். தமிழரைப் பற்றிய நூல்கள் எல்லாம் தமிழில் இல்லை. தோட்டத் தொழிலாளர் குறித்த குடியேற்ற அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கு, கோயில் அறக்கட்டளை வரலாறு ஆகியவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

நூலகம் எப்போது தொடங்கியது?

எங்கிருந்து எண்ணுவது என்பதைப் பொறுத்தது. ராஃபிள்ஸ் 1823இல் நிறுவிய கல்விக்கூடத் திட்டத்திலேயே நூலகத்துக்கு இடம் இருந்தது. 1837இல் அது ஒரு பள்ளி நூலகமாக நடக்கத் தொடங்கியது. 1845இல் சந்தா செலுத்துவோருக்கான சிங்கப்பூர் நூலகம் உருவானது. 1874இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத்தையும் சேர்த்து ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் என்று பெயரிட்டது. 1887இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் கட்டிய புதிய கட்டடத்துக்கு இரண்டும் குடிபோயின.

ஏறக்குறைய நூறாண்டுக் காலம் அது ஆங்கிலம் தெரிந்தவர்களின், அதிலும் பெரும்பாலும் ஐரோப்பியரின் நூலகமாகவே இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழருக்கும், மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் கணக்கு எழுதிய செட்டியார் வீட்டுப் பையனுக்கும் அங்கே வேலை இல்லை. அந்த நிலையை மாற்றியவர் சீன வணிகர் லீ கொங் சியன். 1953இல் அவர் 3,75,000 வெள்ளி (டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்) தருவதாக அறிவித்தார். அதற்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். ஆசிய மொழி நூல்களும் அதில் இடம்பெற வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் தமிழுக்கு அலமாரி கிடைத்ததற்கு இந்த இரண்டாவது நிபந்தனை ஒரு பெரிய காரணம் என்றே நான் கருதுகிறேன். பணம் கொடுத்தவர்கள் பலர் உண்டு. கேட்க வேண்டியதைக் கேட்டுக் கொடுத்தவர் இவர்.

புதிய கட்டடத்துக்கு அவரே 1957இல் அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பர் 12 அன்று அன்றைய நாட்டுத் தலைவர் யூசோஃப் இஷாக் அதைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு ஹெட்விக் அனுவார் இயக்குநரானார். இந்த மண்ணிலிருந்து அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் நபர் அவர்தான். 1988இல் ஓய்வு பெறும்வரை இந்நாட்டு நூலகத் துறையை வளர்த்தெடுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1995இல் தேசிய நூலக வாரியம் சட்டப்படி அமைந்தது. இன்றைய விக்டோரியா ஸ்திரீட் கட்டடம் 2005இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங். மேற்கோள் நூலகத்துக்கு லீ கொங் சியன் பெயர் சூட்டப்பட்டது, அவர் குடும்ப அறநிறுவனம் 2003இல் கொடுத்த 6 கோடி வெள்ளி நன்கொடையை ஒட்டி.

பழைய சிவப்புச் செங்கல் கட்டடம் என்ன ஆனது?

ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. 2004 மார்ச் 31 அதன் கடைசி நாள். இடிக்க வேண்டாம் என்று மக்கள் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்துக்காக அவ்வளவு பேர் பேசியது அரிது. அங்கே தேர்வுக்குப் படித்த ஒரு தலைமுறைக்கு இன்றும் அந்த வருத்தம் தீரவில்லை, அது நியாயமான வருத்தமும்கூட. நுழைவாயிலின் இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நிற்கின்றன.

ஜப்பானியர் ஆட்சியில் நூல்கள் அழிந்துவிட்டனவா?

பெரும்பகுதி தப்பியது. 1942 பிப்ரவரியில் நகரம் வீழ்ந்ததும், ஜப்பானிய நிலவியல் பேராசிரியர் ஹிடெஸோ தனகடாதே நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தாவரவியலாளர் கார்னர் போன்ற பிரிட்டிஷ் அறிஞர்கள் சிலரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். வெள்ளையர் விட்டுச்சென்ற வீடுகளில் கிடந்த நூல்களையும் திரட்டிக்கொண்டுவந்து சேர்த்தார்கள். போரிட்ட இரு தரப்பு அறிஞர்களும் ஒரே கூரையின் கீழ் நூல்களைக் காத்த அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி இன்னும் நிறைய எழுத இடமிருக்கிறது.

சிங்கப்பூரில் அச்சான மிகப் பழைய தமிழ் நூல் எது?

கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது முகம்மது அப்துல்காதிர்ப் புலவர் பாடிய முனாஜாத்துத் திரட்டு. ஆண்டு 1872. இறைவனை வேண்டிப் பாடும் இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்கள். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாறு இந்தப் பாடல்களில்தான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

அடுத்து நாம் நிற்க வேண்டிய ஆண்டு 1887. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர், தேங்க் சாலை முருகன் மீது பாடிய சிங்கை நகர் அந்தாதி அந்த ஆண்டில் வெளியானது. அதே ஆண்டு ஜூன் 27, திங்கட்கிழமை, சிங்கை நேசன் வார இதழின் முதல் இதழ் வெளிவந்தது. விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டித் தொடங்கிய இதழ் அது. ஆசிரியர் சி.கு. மகுதூம் சாயபு. ஒரு தமிழ் முஸ்லிம் நடத்திய இதழ், யாழ்ப்பாணச் சைவப் புலவர் ஒருவரின் அந்தாதி, இரண்டும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில். அன்றைய சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சிங்கை நேசன் 1890 வரை வந்தது. உள்ளூர்ச் செய்தி, வெளிநாட்டுச் செய்தி, வாசகர் கடிதம், செய்யுள் எல்லாம் அதில் உண்டு. மகுதூம் சாயபு 1888இல் அதில் எழுதிய வினோத சம்பாஷணை என்ற உரையாடலைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று எடுத்துக்காட்டியவர் நா. கோவிந்தசாமி. கணினித் தமிழுக்கும் முன்னோடியான அதே கோவிந்தசாமிதான். அது சிறுகதைதானா, உரையாடல்தானா என்ற விவாதம் முடியவில்லை. விவாதத்தில் சேர விரும்புகிறவர் பிறர் எழுதியதை மேற்கோள் காட்டுவதோடு நிற்காமல் இதழையே படிக்கலாம். நூலகத்தின் செய்தித்தாள் இணையத்தளத்தில் சிங்கை நேசனின் பக்கங்கள் படமாகவே இருக்கின்றன. சென்னையில் உட்கார்ந்தே படிக்கலாம், கட்டணம் கிடையாது.

இவ்வளவு பழைய இதழ்கள் எப்படித் தப்பின?

ஒரு சட்டத்தால். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றப் பகுதியில் 1886இல் நூல் பதிவுச் சட்டம் வந்தது. அச்சிடுபவர் அரசாங்கத்திடம் படிகள் ஒப்படைக்க வேண்டும். அவற்றில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளூரில் ஈரமும் கரையானும் தின்றவை அங்கே தங்கின. பின்னாளில் அவற்றின் நுண்படச் சுருள்கள் இங்கே திரும்பி வந்தன.

சட்டத்துக்கு முந்தியவற்றின் கதி வேறு. 1875இல் வெளிவந்ததாகச் சொல்லப்படும் சிங்கை வர்த்தமானியின் ஓர் இதழ்கூட இதுவரை கையில் சிக்கவில்லை. காரைக்காலிலோ நாகூரிலோ கீழக்கரையிலோ ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் நாலு பக்கம் கிடக்கலாம் என்ற ஆசை எனக்கு உண்டு. உங்கள் குடும்பத்தில் சிங்கை, பினாங்கு வணிகத் தொடர்பு இருந்திருந்தால், பழைய காகிதத்தை எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

மலாய் நூல்களில் தமிழ் ஆய்வாளருக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அரிய நூல்களுக்கான தொகுப்பில் போற்றப்படும் நூல்களில் ஒன்று முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறான ஹிகாயத் அப்துல்லா. 1849இல் சிங்கப்பூர் மிஷன் அச்சகத்தில் கல்லச்சில் அச்சானது. நவீன மலாய் எழுத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய தந்தைவழிக் கொள்ளுப்பாட்டனார் யேமனிலிருந்து நாகூர் வந்து அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தவர். மலாக்காவில் சிறுவனாக இருந்தபோது தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை அப்துல்லா எழுதுகிறார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்கும் வணிகத்துக்கும் தமிழ் கற்பது அந்த ஊரில் வழக்கமாம். மலாக்காவில் தமிழ் வணிக மொழியாக இருந்ததற்கு ஒரு மலாய் எழுத்தாளர் தரும் நேரடி வாக்குமூலம் இது. தமிழ் நூல்களை மட்டும் தேடுபவர் கண்ணில் இது படவே படாது.

அரிய தொகுப்பில் வேறு பெரிய சேர்க்கைகளும் உண்டு. தென்கிழக்காசிய மொழிகளைப் பற்றி எழுதிய லோகனின் நூல்கள், லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகராக இருந்த ரைன்ஹோல்ட் ரோஸ்டிடமிருந்து 1897இல் வந்தவை, டான் இயோக் சியோங் 1964இல் கொடுத்த ஏறத்தாழ 10,000 உருப்படிகள் கொண்ட யா யின் குவான் தொகுப்பு. அரிய நூல்களை அலமாரியில் கைவைத்து எடுக்க முடியாது. எது வேண்டும், எதற்காக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மின்னாக்கம் செய்தவற்றை வாரியத்தின் புக்எஸ்ஜி தளத்தில் படிக்கலாம் என்பதால், அதை முதலில் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

தமிழ் முரசு பழைய இதழ்கள் கிடைக்குமா?

கிடைக்கும். 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாகத் தொடங்கி, பிறகு கோ. சாரங்கபாணியின் கையில் வளர்ந்த நாளிதழ் அது. நூலகத்தின் செய்தித்தாள் இணையத்தளத்தின் பெயர் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் முதலான ஆங்கில இதழ்களும் அதில் உள்ளன. உரிமம் காரணமாக, அண்மைக்கால இதழ்கள் சிலவற்றை நூலகக் கட்டடத்துக் கணினிகளில் மட்டுமே திறக்க முடியும்.

ஆங்கில இதழ்களில் சொல்லைத் தட்டினால் செய்தி வந்துவிடும். தமிழ் இதழ்களில் தேதியைப் பிடித்துத் தேடுவதே நம்பகமான வழி. ஒரு நிகழ்ச்சி எப்போது நடந்தது என்று ஆங்கில இதழிலிருந்து முதலில் கண்டுபிடியுங்கள். அந்தத் தேதிக்கு முன்பின் ஒரு வாரத் தமிழ் முரசை வரிசையாகப் புரட்டுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் தேடாத செய்தி நாலு கண்ணில் படும், விளம்பரம் படும், மரண அறிவித்தல் படும், ஆசிரியருக்குக் கடிதம் படும். ஒரு சமூகம் தன்னோடு தானே பேசிக்கொள்வதைக் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை.

நூற்பட்டியலில் தமிழ் நூலைத் தேடினால் வரவில்லையே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. தமிழ் எழுத்தில் தட்டிப் பாருங்கள். வராவிட்டால் நூல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் பல பதிவுகள் இருக்கின்றன. அந்த முறை ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் பார்க்கும். ககரம் எங்கே வந்தாலும் ஆங்கிலக் கே. தகரம் எங்கே வந்தாலும், பின்னால் எச் சேராத டீ (t). சகரத்துக்கு எஸ் கிடையாது, சி. ஆகவே காந்தி என்ற பெயரை ஆங்கிலச் செய்தித்தாளில் பார்த்தபடி ஜி போட்டுத் தேடினால் தமிழ் நூல் வராது. சரோஜாவை எஸ் போட்டுத் தேடினாலும் வராது.

பழைய நூல்களில் ஒரே புலவர் பெயர் நாலு விதமாக அச்சாகியிருக்கும். சாகிபு, சாயபு, சாஹிப் மூன்றையும் முயன்று பாருங்கள். அப்படியும் அகப்படாவிட்டால் 9ஆம் தளத்து மேசையில் கேளுங்கள், அல்லது வெளிநாட்டிலிருந்தே மின்னஞ்சலில் நூலகரிடம் கேளுங்கள். தமிழ் தெரிந்த நூலகர்கள் வாரியத்தில் இருக்கிறார்கள். கேள்வியைக் குறிப்பாக வையுங்கள். “சிங்கப்பூர்த் தமிழர் பற்றித் தகவல் வேண்டும்” என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்த ஊர், எந்தப் பத்தாண்டு, எந்த அமைப்பு என்று எழுதினால் வழி திறக்கும்.

தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்றால் என்ன?

சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டு நிறைவுக்குத் தமிழ்ச் சமூகம் கொடுத்த பரிசு என்று அதைச் சொல்லலாம். 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைவு, கவிதை, நாடக நூல்களைத் தேடிப்பிடித்து, எழுத்தாளர்களிடமோ வாரிசுகளிடமோ அனுமதி வாங்கி, வருடி, பிழை பார்த்து இணையத்தில் ஏற்றினார்கள். அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் இறங்கி வேலை செய்தார்கள். நூலக வாரியம் கைகொடுத்தது. 2015 ஆகஸ்டில் இலக்கியத் தொகுப்பு வெளியானது, 350 நூல்களுக்கு மேல். பிறகு நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கும் தனித்தனித் தொகுப்புகள் வந்தன. நாடகத் தொகுப்பில் கையெழுத்துப் படிகள், நிகழ்ச்சி ஏடுகள், படங்கள் என நூலாகாத பொருள்களும் உள்ளன.

இதில் நான் மிகவும் மதிப்பது அனுமதி வாங்கிய உழைப்பை. காலமான எழுத்தாளரின் பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தேடி, தொலைபேசியில் பிடித்து, காகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத்தாளர் இருக்கும்போதே செய்தால் ஒரு மணி நேர வேலை. ஒரு தலைமுறை போனபின் அதுவே பல மாத வேலையாகிவிடும். மற்ற ஊர்த் தமிழ் அமைப்புகள் இதைப் பார்த்தாவது இப்போதே தொடங்கலாம்.

என் தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா?

பெயரைத் தட்டியதும் கோப்பு வந்து விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் வாழ்ந்த சூழலைக் கண்டுபிடிக்க முடியும். தேசியப் பழஞ்சுவடிக் காப்பகம் 2012 முதல் நூலக வாரியத்தின் கீழ் இயங்குகிறது. கட்டடம் கேனிங் ரைஸில், நூலகத்திலிருந்து அதிகத் தூரமில்லை. அங்கே வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் 1979இலிருந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. தமிழிலேயே பேசிய பதிவுகளும் உண்டு. பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். செம்பவாங் கடற்படைத் தளமோ துறைமுகமோ நகராட்சித் துப்புரவுப் பணியோ, உங்கள் தாத்தா வேலை பார்த்த இடத்தில் வேலை பார்த்த இன்னொருவர் பேசியிருக்க வாய்ப்பு நல்லதாகவே இருக்கிறது. கூலி, குவார்ட்டர்ஸ் வீடு, தீமிதி, ஊருக்குப் பணம் அனுப்பிய விதம் எல்லாம் அவர்கள் பேச்சில் வரும்.

தாத்தா சங்கம், கோயில், பள்ளி எதிலாவது பொறுப்பில் இருந்திருந்தால் அந்த அமைப்பின் ஆண்டு மலரைத் தேடுங்கள். நன்கொடையாளர் பட்டியலில் பெயரும் ஊரும் சில சமயம் படமும் கிடைக்கும்.

நகல் எடுக்கலாமா?

சொந்த ஆய்வுக்கு ஓரளவு எடுக்கலாம். நூலில் ஓர் அத்தியாயம் அல்லது பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான எல்லை. ஆசிரியர் காலமாகி 70 ஆண்டு முடியும்வரை பதிப்புரிமை நீடிக்கும். முழு நூலையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போவது உரிமை மீறல். மின்னாக்கத்துக்கு நம்பி அனுமதி கொடுத்த எழுத்தாளருக்குச் செய்யும் அநியாயமும்கூட.

நான் சிங்கப்பூரில் நூல் வெளியிடுகிறேன். நூலகத்துக்குக் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். தேசிய நூலக வாரியச் சட்டப்படி, இங்கு வெளியிடும் ஒவ்வொரு அச்சு நூலுக்கும் 2 படிகளை வெளியான 4 வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். மின்நூலுக்கு ஒரு படி. தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஐஎஸ்பிஎன் எண் வழங்குவதும் இந்த வாரியம்தான். இணையத்தளங்களையும் 2006இலிருந்து சேமித்துவருகிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, எஸ்ஜி என முடியும் தளங்களை உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே சேமிக்கலாம்.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளர் பலரின் நூல்கள் சென்னைப் பதிப்பகங்களில் வெளியாகின்றன. வெளியீட்டாளர் சென்னையில் இருந்தால் இந்தச் சட்டம் அவரைக் கட்டாது. அவரைக் கட்டுவது இந்தியாவின் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம். அதன்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் படி போக வேண்டும். நடைமுறையில் எல்லாரும் அனுப்புவதில்லை. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் விழுந்து, எந்தத் தேசிய நூலகத்திலும் இல்லாமல் போகக்கூடிய நூல்கள் இவை. ஆகவே எழுத்தாளரே இரண்டு படியை எடுத்துக்கொண்டு விக்டோரியா ஸ்திரீட் போய்விடுவது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

வீட்டில் பழைய சங்க மலர், நாடக அழைப்பிதழ், துண்டறிக்கை இருக்கின்றன. யாராவது வாங்கிக்கொள்வார்களா?

சிங்கப்பூரோடு தொடர்புள்ளவை என்றால் நூலக வாரியத்துக்கு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இருப்பதையும் சிதைந்துபோனதையும் மறுக்கலாம். மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் வைக்காமல், முதலில் ஒரு பட்டியல் எழுதி, அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள். படங்களில் இருப்பவர்களின் பெயரைத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே தனித்தாளில் எழுதி வையுங்கள்.

இங்கே கிடைக்காததற்கு எங்கே போவது?

மலாயா முழுவதும் ஒரே புலமாக இருந்த காலத்தை ஆராய்கிறவர் எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகமும் மலேசியத் தேசிய நூலகமும் உள்ளன. 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த தமிழ் நேசன் போன்ற இதழ்களுக்கு அங்கே தேடுவதே முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகம். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு இணையத்தில் நூலகம் அறக்கட்டளையின் தளம்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிச் செலவிடுவது?

வருவதற்கு முன்பே இணையத்தில் கிடைப்பதை எல்லாம் ஊரிலிருந்தே பார்த்து முடித்துவிடுங்கள். சிங்கை நேசன், மின்மரபுடைமை நூல்கள், வாய்மொழிப் பதிவுகள் ஆகியவற்றுக்காக விமானம் ஏற வேண்டியதில்லை. நூலகத்தில் மட்டுமே கிடைப்பதைப் பட்டியலிட்டு, நூற்பட்டியலில் உள்ள அழைப்பெண்ணோடு (நூல் அலமாரியில் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு வாருங்கள். அரிய நூல் வேண்டுமானால் கோரிக்கையைச் சில வாரம் முன்பே அனுப்புங்கள். காலை 10 மணிக்கு 9ஆம் தளம், மதிய உணவுக்குப் பின் 11ஆம் தளம். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு மேற்சட்டை கொண்டுவாருங்கள். பிள்ளைகளோடு வருபவர்கள் அவர்களை அடித்தளத்து மத்திய நூலகத்தில் பெரியவர் ஒருவர் துணையோடு விட்டுவிட்டு மேலே போகலாம். அங்கே அவர்களுக்கும் தமிழ்க் கதை நூல்கள் உண்டு.